ரயில் நின்ற பிறகு அந்த நிலம் யாருக்கு?

வடக்கே உட்லண்ட்ஸ் முதல் தெற்கே தஞ்சோங் பகார் வரை சிங்கப்பூரை நெடுக்காக வகிர்ந்துகொண்டு 2011 வரை வேறொரு நாட்டின் நிலம் கிடந்தது. மலேசிய ரயில்வேக்குச் சொந்தமான தண்டவாளமும் அதன் இரு பக்கத்து ஓரமும்தான் அது. 1918-இல் காலனி அரசு போட்ட ஒரு சட்டத்தால் ரயில் நிலம் மலாய் மாநிலங்களின் கைக்குப் போயிற்று. 1965-இல் சிங்கப்பூர் தனிநாடானபோதும் நிலம் மலேசியாவிடமே தங்கிவிட்டது. 1990-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு இரு தரப்பும் இரு விதமாகப் பொருள் சொல்லிக்கொண்டிருந்ததில் 20 வருடம் ஓடிப்போனது. கடைசியில் 2010-இல் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் பேசி முடித்தார்கள். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகார் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. அதை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம்.

மறுநாளிலிருந்து சில வாரங்களுக்கு அந்தத் தடத்தில் பொதுமக்களை நடக்க விட்டார்கள். அதுவரை அங்கே கால் வைத்தால் அத்துமீறல். பிள்ளைகுட்டியோடும் கேமராவோடும் ஜல்லியில் தடுமாறிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். ஒவ்வொரு சதுர அடிக்கும் கணக்கு வைத்திருக்கும் ஊரில், ஒரு வேலையும் செய்யாத நிலத்தின் மேல் இத்தனை ஆசை இருக்கிறதா என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். நிலம் மட்டும் மிஞ்சியது.

இந்தத் தடத்தைப் போட்டதிலும் காத்ததிலும் தமிழர் உழைப்பு நிறைய இருக்கிறது. மலாயா ரயில்வேயில் தடத்தைப் பராமரித்த கூலிக்கூட்டங்களில் தென்னிந்தியர்களே பெருவாரி. குவீன்ஸ்டவுன் வட்டாரத்து ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932-இல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட சாமியில் தொடங்கியதுதான். பின்னால் அது காமன்வெல்த் டிரைவுக்கு இடம் மாறிப் பெரிய கோயிலானது. ஊர் ஊராக இடம் மாறிய கூலிகளைப் போலவே சாமியும் இடம் மாறினார் என்றாலும் வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

ஓய்ந்துபோன ரயில் பாதையை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிடுவது உலகத்தில் 60 வருடமாக நடந்துவரும் காரியம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் எல்ராய் - ஸ்பார்ட்டா பாதையைத் திறந்தது 1967-இல். அதற்குப் பிறகு இங்கிலாந்து, ஸ்பெயின், நியூசிலாந்து என்று பல நாடுகளில் பழைய தடங்கள் இப்படி மாறின. ஆனாலும் ஒவ்வொரு ஊரிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: நல்ல நிலத்தை யாராவது நடப்பதற்கு விடுவார்களா? இது நியாயமான கேள்வி. நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது, மரம் இருந்தால் காற்று நல்லது என்று பதில் சொல்வது போதாது. அந்த நன்மை எந்தப் பூங்காவிலும் கிடைக்கும். ரயில் நிலத்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் கேட்டவருக்குப் பதிலாகும்.

முதலாவது, அதன் சமதளம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுக்கிறது. அதே காரணத்தால்தான் அது மேடு ஏறத் திணறுகிறது. எனவே ரயில் போட வந்த பொறியாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், வெட்ட முடியாத குன்றைக் குடைந்தார்கள், ஆற்றின் மேல் பாலம் போட்டார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பாதை மலைநாட்டில்தான் போகிறது. அங்கேகூட 50 அடி தூரத்துக்கு ஓர் அடி ஏற்றம் என்பதுதான் உச்சம். எஞ்சினுக்காகச் செய்த இந்தச் சலுகை இன்று முழங்கால் வலிக்காரருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும், சைக்கிள் பழகும் குழந்தைக்கும் போய்ச் சேருகிறது. புதிதாக ஒரு நடைபாதைக்காக எந்த அரசும் குன்றைக் குடையாது. அதற்கு நிதியும் ஒதுக்காது. எப்போதோ யாரோ செலவழித்து முடித்துவிட்ட காசு அது.

அந்தச் செலவு எப்படிப்பட்டது என்பதை எல்ராய் - ஸ்பார்ட்டா பாதையில் நேரில் பார்க்கலாம். சுமார் 51 கி.மீ. நீளத்தில் மூன்று சுரங்கங்கள். நீளமானது முக்கால் மைல். நடுவில் போனால் இரு பக்க வெளிச்சமும் உதவாது. சைக்கிளை விட்டு இறங்கி, டார்ச் அடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சுரங்க வாயில்களில் பெரிய மரக்கதவுகள். குளிர்காலத்தில் உள்ளே கசியும் நீர் உறைந்து பாறையைப் பிளந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ரயில் வரும்போதும் கதவைத் திறந்து, போனதும் சாத்துவதற்கு அங்கே ஒரு காவலாளி இருந்தார். பனி கொட்டும் இரவில் குன்றின் இரு வாயிலும் கதவு சாத்தும் உத்தியோகம்! தடத்தை வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது, அறுபடாமை. இதுதான் என் பார்வையில் முக்கியமானது. மற்ற நன்மைகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒரு நகரத்தில் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு யார் வீட்டையும் இடிக்காமல், எந்தக் கடையையும் தூக்காமல் இன்று ஒரு பாதையைப் போட்டுவிட முடியுமா? ரயில்வேயிடம் அப்படிப்பட்ட பாதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஊர் பெரிதாகும்போது அதைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது, அதன் மேலே அல்ல.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். சிங்கப்பூரின் ரயில் நிலம் மொத்தம் 170 ஹெக்டேருக்கு மேல். இதே பரப்பைச் சதுரமான பூங்காவாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 1.3 கி.மீ. வரும், நான்கு பக்கமும் சேர்ந்து ஐந்து கி.மீ. சொச்சம் வேலி. அதே நிலம் 24 கி.மீ. நீளக் கோடாகக் கிடக்கும்போது இரு ஓரமும் சேர்ந்து 48 கி.மீ. ஓரம் என்பது வாசல் வைக்கக்கூடிய இடம். பூங்காவை ஒட்டி வீடு வாங்கக்கூடியவர் சிலர்தான். கோட்டின் ஓரத்திலோ பள்ளிக்கூடம், அடுக்குமாடி, சந்தை, தொழிற்பேட்டை, பங்களா எல்லாம் வரிசையாக வரும். பரப்பு ஒன்றேயானாலும் பத்து நிமிஷத்தில் நடந்து வந்துவிடக்கூடியவர்களின் எண்ணிக்கை பல மடங்கு. ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போவதற்கும் அது வழியாகிறது. காட்டிலிருந்து காட்டுக்குப் போகும் பறவைக்கும் பிராணிக்கும் அதே கதைதான். சிங்கப்பூரின் தடம் புக்கிட் தீமா வனக்காப்பகத்தின் விளிம்பை உரசிக்கொண்டு போகிறது.

ஆனால் இந்தக் குணம் ஒரே இடத்தில் வெட்டினாலும் போய்விடும். நடுவில் 200 மீட்டரை ஒரு கட்டடத்துக்குக் கொடுத்தால் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது, பயனில் பாதி போய்விடும். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010 அக்டோபரில், கடைசி ரயிலுக்கு எட்டு மாதம் முன்பே, தன் யோசனையை எழுதிக் கொடுத்தது. இந்தத் தடத்தை முழுசாக, இடைவெளி இல்லாத பசுமைப் பாதையாக விட்டுவையுங்கள் என்பதுதான் அதன் சாரம். நிலம் கைக்கு வருமுன்பே கேட்டது அந்தச் சங்கத்தின் கெட்டிக்காரத்தனம். வந்த பிறகு கேட்டிருந்தால் அதற்குள் பத்து இலாகாக்கள் பத்துத் துண்டுக்கு வரைபடம் போட்டிருக்கும்.

வீடு கட்டலாமே என்ற வாதத்துக்கு வருவோம். ஸ்டேஷன் இருந்த இடங்களில் அகலம் உண்டு. மற்றபடி பல இடங்களில் அந்த நிலம் ஒரு சாலையளவு அகலம்தான். அடுக்குமாடி எழுப்ப அது தோதுப்படாது. பக்கத்து நிலத்தோடு சேர்த்தால் படும். ஆகவே சிங்கப்பூர் அரசு கட்டவே மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கவில்லை. தடத்தின் முதுகெலும்பு அறுபடக் கூடாது, இரு பக்கத்திலும் வளர்ச்சி நடக்கலாம் என்ற நடுவழியைப் பிடித்தது. ஊர் சேர்ந்து வாழும் நிலத்தில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை என்றே நினைக்கிறேன். மலேசியாவும் சும்மா விட்டுக்கொடுத்து விடவில்லை. ரயில் நிலத்துக்கு ஈடாக மரீனா சவுத்திலும் பூகிஸிலும் மனைகள் கைமாறின; மரீனா ஒன், டுவோ என்ற கோபுரங்களை இரு நாட்டுக் கூட்டு நிறுவனம் அங்கே எழுப்பியது. அதில் மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 40 பங்கு.

தடத்தின் அடியில் நடந்ததும் சொல்ல வேண்டியது. நகருக்குக் குடிநீர் கொண்டுபோகும் மர்னேன் குழாயைப் புதிதாகப் பதிக்க வேண்டி வந்தபோது, போக்குவரத்து நிறைந்த சாலைகளைக் கிழிக்காமல் அதில் சுமார் பாதியை இந்தத் தடத்துக்குக் கீழே கொண்டுபோனார்கள். மேலே நடப்பவருக்குத் தெரியாது. கீழே ஊருக்குத் தண்ணீர் போகிறது. அறுபடாத நிலம் குழாய், கம்பி, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் வழி. நடைபாதைக்காக மட்டும் என்று நினைத்து ‘வீண்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த வரவை எழுத மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த விஷயம் சட்டச் சிக்கலாகவே வளர்ந்தது. 1916-இல் அங்கே தடங்களின் நீளம் உச்சத்தில், சுமார் 4 லட்சம் கி.மீ. இருந்தது, அதன் பிறகு லாரியும் காரும் பெருகப் பெருகத் தடங்கள் மூடப்பட்டன. பல இடங்களில் நிலம் ரயில் கம்பெனிக்குச் சொந்தமில்லை. விவசாயியின் நிலத்தில் போய்வர உரிமை மட்டுமே இருந்தது. ரயில் நின்றால் உரிமை தீர்ந்தது, நிலம் மறுபடி பக்கத்து வயலோடு சேர்ந்துகொள்ளும். நூறு துண்டாகப் போன வழியை மீண்டும் ஒட்ட எந்த அரசாலும் முடியாது. 1983-இல் நாடாளுமன்றம் ஒரு வழி கண்டது: தடத்தை ‘மூடியதாக’ எண்ண வேண்டாம், பிற்காலத்தில் ரயில் தேவைப்படலாம் என்று சேமித்து வைத்ததாக எண்ணுவோம், அதுவரை மக்கள் அதில் நடக்கட்டும் என்றது சட்டம். சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது, ஆனால் நிலம் இழந்தவர் ஈடு கேட்கலாம் என்ற வாசலைச் சாத்தவில்லை. 2014-இல் வேறு ஒரு வகை நிலத்தில், வயோமிங் மாநில வழக்கில், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலச் சொந்தக்காரர் பக்கம் தீர்ப்பு வந்தது. பொதுநன்மை என்று சொல்லிவிட்டால் எவர் வயலும் இலவசம் என்று ஆகிவிடாது என்பதை இந்த வழக்குகள் நினைவூட்டுகின்றன. பாதை விரும்பிகளுக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். ரயில் மீண்டும் வரலாம் என்பதும் வெறும் சாக்கில்லை. அப்படிச் சேமித்து வைத்த சில தடங்களில் ரயில் திரும்பவும் ஓடியிருக்கிறது.

நகரத்துக்கு வெளியே, ஆள் குறைந்துபோன ஊர்களில் இந்தப் பாதை செய்யும் வேலை வேறு மாதிரி. ஒட்டாகோவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கடற்கரை நகரான டனீடினிலிருந்து உள்நாட்டுக்குப் போன ரயில் அது. வேலை தொடங்கியது 1879-இல், குரோம்வெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது 1921-இல். பாறையும் பள்ளத்தாக்கும் அத்தனை படுத்தின. ஆடும் பழமும் ஏற்றிப் போன அந்த ரயிலுக்குக் கடைசிப் பெரிய சுமை கிளைட் அணைக்கான கட்டுமானப் பொருள். அணை வேலை முடியும் கட்டத்தில், 1990-இல், மிடில்மார்ச்சுக்கு அப்பால் தடம் மூடப்பட்டது. 1993-இல் அந்த நிலம் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கைக்கு வந்தது. உள்ளூர்க்காரர்கள் கூடி அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். பாலங்களின் மேல் பலகை பாவிக் கைப்பிடி வைத்தார்கள். ஜல்லியை மூடிப் பாதையைச் செப்பனிட்டார்கள். 2000-இல் மிடில்மார்ச் முதல் கிளைட் வரை 152 கி.மீ. முழுதும் திறந்தது.

காரில் போனால் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும் தூரம் அது. வழியில் இருக்கும் சிற்றூர்கள் காருக்குக் கண்ணில்கூடப் படாது. சைக்கிளில் போகிறவருக்கோ மூன்று நாளிலிருந்து ஐந்து நாள். அவருக்கு நாற்பது கி.மீ. ஆனதும் பசிக்கும், கால் கடுக்கும், இருட்டும். ஆகவே லாடரிலும் ஓட்டுரெஹுவாவிலும் ரான்ஃபர்லியிலும் சாப்பாடு வேண்டும், படுக்கை வேண்டும், பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும், மூட்டையை அடுத்த ஊருக்கு ஏற்றிப்போக வண்டி வேண்டும். மூடிக்கிடந்த பண்ணைவீடுகளில் விருந்தினர் அறை வந்தது. ஊர்ச் சாராயக்கடைக்கு மறுபடி வாடிக்கை வந்தது. மெதுவாகப் போவதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். நெடுஞ்சாலை வந்தால் ஊருக்குச் செழிப்பு என்ற பாடத்தை இது அப்படியே தலைகீழாக்குகிறது: பயணி எவ்வளவு நிதானமாகப் போகிறாரோ அவ்வளவு அதிகமாக வழியில் செலவழிக்கிறார். இந்த வெற்றியைப் பார்த்துத்தான் 2009-இல் பிரதமர் ஜான் கீயின் அரசு நாடு முழுக்கச் சைக்கிள் பாதைகள் போடும் திட்டத்தைத் தொடங்கியது.

எல்லா ஊரிலும் ஒட்டாகோ விளையும் என்று நம்பிவிடக் கூடாது. அங்கே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு நாள் சைக்கிள் தூரத்துக்கு ஏற்ற இடைவெளி இருந்தது, பார்க்கப் பாலமும் பள்ளத்தாக்கும் இருந்தன, வந்தவரைத் தங்கவைக்க முன்வந்த குடும்பங்களும் இருந்தன. எட்டுக் கி.மீ. பாதை போட்டுவிட்டுச் சுற்றுலாப் பயணி எங்கே என்று காத்திருக்கும் ஊராட்சிக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த எட்டுக் கி.மீ. உள்ளூர்க்காரரின் காலை நடைக்கும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும் என்று தெளிவாகச் சொல்லிக் கட்டினால் அதுவே போதும்.

பாதையோரத்து வீட்டுக்காரர் பயப்படுவதும் எல்லா இடத்திலும் உண்டு. கொல்லைப்புறத்தில் யார் யாரோ நடமாடினால் திருட்டு வரும், வீட்டு விலை இறங்கும் என்பார்கள். சியாட்டிலில் பர்க் - கில்மன் பாதை வந்தபோதும் இதே முணுமுணுப்பு. அங்கே மாநகரப் பொறியியல் துறை 1987-இல் ஓர் ஆய்வு செய்தது. பாதையால் திருட்டு கூடவில்லை. பாதையை நேரே ஒட்டாமல் அதற்கு அருகில் இருந்த வீடுகள் சுமார் 6 சதவீதம் அதிக விலைக்குப் போயின என்றது முடிவு. அதிலிருந்து பாதை ஆதரவாளர்கள் எல்லோரும் இந்த எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

அந்த எண்ணுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. விலை ஏறுவது சொந்த வீட்டுக்காரருக்கு லாபம்; வாடகைக்கு இருப்பவருக்கு வெளியேறச் சொல்லும் அறிவிப்பு. நியூயார்க்கின் ஹைலைன் 1934-இல் போட்ட, தூண்களின் மேல் போகும் சரக்கு ரயில் தடம். 1980-இல் ரயில் நின்றது. இடிக்க இருந்ததைக் குடியிருப்பவர்கள் இருவர் 1999-இல் சங்கம் வைத்துக் காப்பாற்றினார்கள். 2009-இல் பூங்காவாகத் திறந்தது. அழகில் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. ஆனால் நிழல் விழும் தூரத்தில் இருந்த அரசுக் குடியிருப்புகளின் மக்கள் அங்கே அதிகம் வரவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் எப்படி இருக்க வேண்டும் என்றே கேட்டோம் என்ற பொருளில், அந்த இருவரில் ஒருவரான ராபர்ட் ஹேமண்டே பின்னால் வருத்தப்பட்டார். சிகாகோவில் 2015-இல் திறந்த 606 பாதையின் மேற்குப் பாதியில் இதே கதை இன்னும் வெளிப்படையாக நடந்தது. அங்கே வசித்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் வாடகை ஏறுவதை எதிர்த்துத் தெருவில் இறங்கின. பல வருடம் கழித்து, பாதையோரத்துப் பழைய வீடுகளை இடிக்கிறவர்களிடம் தனிக் கட்டணம் வசூலிக்கும் விதியை 2021-இல் மாநகரம் கொண்டுவந்தது. பாதையோடு சேர்த்தே அந்த விதி வந்திருக்க வேண்டும். பாதை திறக்கும் நாளில் ரிப்பன் வெட்ட வரும் மேயர், அதற்கு முந்தைய வருடமே வாடகைக்காரர்களைப் பற்றி யோசித்திருக்க வேண்டும் என்பது ஒன்றும் அதிகப்படியான கோரிக்கை அல்ல.

சிங்கப்பூரில் இந்தப் பாதிப்பு குறைவு. மக்களில் பெரும்பாலோர் அரசு கட்டிய வீடுகளில் இருப்பதால் சந்தை ஒரே இரவில் ஒருவரையும் துரத்திவிடாது. அங்கே சண்டை வேறு விஷயங்களில். பாதைக்குச் சிமென்ட் போட வேண்டுமா? சைக்கிள்காரர் போடு என்பார், நடப்பவர் வேண்டாம் என்பார். நீர் ஊறி இறங்கும்படி சரளையும் புல்லும் கலந்த தளத்தைப் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி என்று குறை வருவதும் வழக்கம்தான். விளக்கு வேண்டுமா? இரவில் நடமாடும் பிராணிகளுக்காகப் பல பகுதிகளை இருட்டாகவே விட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அது பயனில்லாத பாதை. இரண்டும் நியாயம். காட்டோரத்தில் இருட்டு, குடியிருப்போரத்தில் வெளிச்சம் என்று பிரித்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ரயில் நிலம் பார்க்கப் பச்சையாக இருக்கும். அடியில் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. சிலீப்பர் கட்டை மக்காமல் இருக்கத் தடவிய கிரியசோட் எண்ணெயும், களை முளைக்காமல் இருக்கத் தெளித்த ஆர்சனிக் கலந்த மருந்தும் பல நாடுகளில் தடத்து மண்ணில் தங்கியிருக்கின்றன. மண்ணைச் சோதிக்காமல் குழந்தைகளை விளையாட விடக் கூடாது. நல்ல தளம் போட்டு மூடினால் பெரும்பாலும் போதும். சில இடங்களில் தோண்டி எடுத்தே ஆக வேண்டும். இந்தச் செலவு முதல் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும்.

பழைய அடையாளங்களில் எதை வைப்பது என்பதில் சிங்கப்பூர் நல்ல முடிவுகள் எடுத்திருக்கிறது. புக்கிட் தீமாவில் சாலைக்கு மேலே போகும் இரு இரும்புப் பாலங்களையும் வைத்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் தடத்தின் நடுப்பகுதி திறந்தது. 2022 ஜூலையில் புக்கிட் தீமா ஸ்டேஷன். செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு சின்னக் கட்டடம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வரும் ரயில்கள் ஒதுங்கிக்கொள்ளும் இடம் அது. எந்த ரயிலிடம் அந்தப் பகுதிக்கான சாவி இருக்கிறதோ அதற்குத்தான் வழி. சாவியைத் தோல் பையில் போட்டு, பெரிய கம்பி வளையத்தில் மாட்டி, ரயில் மெதுவாகக் கடக்கும்போதே ஓட்டுநரிடம் கை மாற்றுவார்கள். நம் ஊரில் மீட்டர்கேஜ் நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்த வளையம் மறந்திருக்காது. சிங்கப்பூரில் 2011 வரை, மெட்ரோ ரயில் ஓட்டுநர் இல்லாமல் ஓடிய காலத்திலும், அந்த வழக்கம் இந்த ஸ்டேஷனில் இருந்தது.

முடியாத வேலையும் உண்டு. ரயில் ஓடிய நாளில் கிராஞ்சி, மண்டாய், சுவா சூ காங் போன்ற இடங்களில் லெவல் கிராசிங் கேட் இருந்தது. கேட் விழுந்தால் கார்களும் லாரிகளும் நிற்கும், ரயில் போகும். தண்டவாளம் போனதும் கேட்டும் போனது. அதே தடத்தில் இன்று நடந்து வருகிறவர் சாலையோரம் வந்ததும் நின்று, போக்குவரத்து விலகும்வரை காத்திருக்க வேண்டும். வரைபடத்தில் அறுபடாத கோடு தரையில் அறுபடுவது இந்த இடங்களில்தான். சிக்னல் வைப்பதா, மேலே பாலமா, கீழே சுரங்கமா என்பதை ஒவ்வொரு சாலைக்கும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் படி ஏறாமல் கடக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் அதைத் தீர்க்க வேண்டும்.